எங்க ஊர் சாலைக்கு டயர் கலந்த தார் போடப்போறாங்க. என்ன கேட்கணும், எதைப் பார்க்கணும்?

நெல்லிக்குப்பம்வாசி | மார்ச் 9

எல்லாருக்கும் வணக்கம். நெல்லிக்குப்பத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவுல எங்க ஊர். ஊர் வழியா போற சாலை ரெண்டரை கிலோமீட்டர் இருக்கும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் அடிச்ச கையோட சாத்தனூர் அணையிலேர்ந்து 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டாங்களே, அப்போ இந்தச் சாலை தண்ணிக்கு அடியில கிடந்துது. வடிஞ்ச பிறகு பார்த்தா தார் பாளம் பாளமா பெயர்ந்து ஜல்லி வெளியில தெரிஞ்சுது. அதுக்கு மேல கரும்பு டிராக்டர். ரெண்டு டிரெய்லர் மாட்டி லோடு ஏத்திப் போற வண்டி ஒரே தடத்துல ஓடி ஓடி, சக்கரம் போற இடம் ரெண்டும் வாய்க்கால் மாதிரி அமுங்கிடுச்சு. எங்க அப்பா போன மாசம் சைக்கிளோட அந்தத் தடத்துல விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு கட்டுப் போட்டிருக்கார்.

இப்போ புதுசா போடப்போறாங்க. பலகையில "சி.ஆர்.எம்.பி 60" னு எழுதியிருக்கு. விசாரிச்சா "டயர் பொடி கலந்த தார், பத்து வருஷம் அசையாது"ங்கறாங்க. இன்னொருத்தர் "கழிவைக் கொண்டுவந்து நம்ம ரோட்டுல கொட்டுறாங்க"ங்கறார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இந்தத் தடவை சும்மா வேடிக்கை பார்க்கக் கூடாதுன்னு ஊர்ல அஞ்சாறு பேர் முடிவு பண்ணியிருக்கோம்.

லாஸ்பேட்டை ரைடர் | மார்ச் 9

இது பிளாஸ்டிக் ரோடுதானே? மதுரையில ஒரு பேராசிரியர் கண்டுபிடிச்சது. பத்மஸ்ரீ கூட வாங்கினாரே.

ஜல்லியும் தாரும் | மார்ச் 9

அது வேற, இது வேற தம்பி. நீங்க சொல்றது தியாகராசர் பொறியியல் கல்லூரி ஆர். வாசுதேவன் ஐயா முறை. அதுல பிளாஸ்டிக் நேரா தாருக்குள்ள போகாது. சூடா இருக்கிற ஜல்லி மேல துருவின பிளாஸ்டிக்கைத் தூவுவாங்க. அது உருகி ஜல்லிக்குச் சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்கும், அதுக்கு மேலதான் தார்.

டயர் அப்படி உருகாது. ரப்பரோட கந்தகம் சேர்த்துச் சூடாக்கினா இழைக்கு இழை முடிச்சுப் போட்ட மாதிரி இறுகிடும்னு 1839-லயே குட்இயர் கண்டுபிடிச்சுட்டார். நம்ம ஊர்ல வல்கனைசிங் கடைன்னு சொல்றோமே, அந்தப் பேர் அதுலேர்ந்து வந்ததுதான். அந்த முடிச்சு இருக்கிறதால பழைய டயரை மெழுகு மாதிரி உருக்கி வேற பொருள் பண்ண முடியாது. பொடியாக்கி இன்னொண்ணோட சேர்க்கத்தான் முடியும்.

முப்பத்தோரு வருஷம் சாலை வேலையில சைட் மேற்பார்வை பார்த்தவன் நான். இப்போ ஓய்வு, வில்லியனூர்ல இருக்கேன். நெல்லிக்குப்பம் தம்பி கேட்டதுக்கு நாளைக்கு உட்கார்ந்து எழுதறேன். ரெண்டு வரியில சொல்லிட்டுப் போற விஷயம் இல்ல.

ஜல்லியும் தாரும் | மார்ச் 10

சொன்னபடி எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

வீட்டுல ஜவ்வரிசிப் பாயசம் வைக்கிறதைப் பார்த்திருப்பீங்க. பாலுல போட்ட ஜவ்வரிசி முதல்ல கல்லு மாதிரி கிடக்கும். சூடு ஏற ஏற பாலை உறிஞ்சி உப்பும், பாயசம் கெட்டியாகும். டயர் பொடியும் தாருக்குள்ள அதையேதான் செய்யுது. தாருல எண்ணெய்ப் பதமா ஒரு பகுதி உண்டு. கொதிக்கிற தாருல ரப்பர் துகள் அந்த எண்ணெயை இழுத்து ரெண்டு மூணு மடங்கு உப்பிடும். தார் கெட்டிப்பட்டு, இழுத்தா திரும்புற குணம் வந்துடும்.

அடுப்பைக் கவனிக்காம விட்டா பாயசம் என்ன ஆகும்? ரெண்டு விதமாக் கெடும். கிண்டாம விட்டா ஜவ்வரிசி அடியில போய் உட்கார்ந்து தீஞ்சிடும். ரொம்ப நேரம் கொதிக்க விட்டா குழைஞ்சு கரைஞ்சே போயிடும். டயர் தாருக்கும் இதே ரெண்டு நோய்தான். கிண்டுற விசிறி இல்லாத தொட்டியில வச்சா ரப்பர் அடியில படிஞ்சிடும். மேல இருக்கிறது வெறும் தார், கீழ இருக்கிறது களி. அளவுக்கு மீறின சூட்டுல ராத்திரி பூரா வச்சா ரப்பர் முடிச்சு அவிழ்ந்து, சேர்த்ததே வீண்.

"60"ங்கறது என்ன? அந்தத் தார் எந்தச் சூட்டுல இளக ஆரம்பிக்கும்ங்கற கணக்கு. சி.ஆர்.எம்.பி 60 குறைஞ்சது 60 டிகிரி வரைக்கும் நிக்கணும். சாதாரணமா போடுற வி.ஜி 30 தாருக்கு இந்த அளவு குறைஞ்சது 47 இருந்தா போதும். அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம பக்கத்துத் தார்ச்சாலை 60 டிகிரியைத் தொடும். அந்த நேரத்துல கரும்பு டிராக்டர் மெதுவா ஏறினா சாதாரணத் தார் நசுங்கித் தடம் விழும். உங்க ஊருக்கு 60-ஐத் தேர்ந்தெடுத்தது சரிதான்.

இது புதுசும் இல்ல. 1960-கள்ல அமெரிக்காவுல அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகராட்சியில சார்லஸ் மெக்டொனால்ட்னு ஒரு பொறியாளர், வெடிச்ச சாலைக்கு ஒட்டுப் போட வழி தேடிக் கண்டுபிடிச்சது. அந்த ஊரும் நெருப்பு மாதிரி காயுற ஊர். அவர் முறையில தார் எடையில அஞ்சுல ஒரு பங்கு ரப்பர் போகும். நம்ம நாட்டுல பெரும்பாலும் பத்து சதவீதம் ஒட்டி. 1991-ல அமெரிக்க அரசு சாலை போட்டா டயர் பொடி சேர்த்தே ஆகணும்னு சட்டம் போட்டுச்சு. பல மாநிலத்துல அதுக்குப் பழகின ஆளும் இல்ல, எந்திரமும் இல்ல, செலவும் கூட. எதிர்ப்பு வந்து 1995-ல அந்தக் கட்டாயத்தை எடுத்துட்டாங்க. ஆனா அரிசோனாவும் கலிபோர்னியாவும் விடல, இன்னைக்கும் போடுறாங்க. பக்குவம் கைவந்தவங்களுக்கு இது நல்ல சரக்குங்கறதுக்கு அதுவே சாட்சி.

வில்லியனூர் டயர் | மார்ச் 10

ஐயா சொன்னதுக்கு மேல சரக்குப் பக்கத்துலேர்ந்து நான் சொல்றேன். எங்க தாத்தா காலத்துலேர்ந்து ரீட்ரெடிங், அதாவது தேஞ்ச டயருக்குப் புது ரப்பர் ஒட்டுற தொழில்.

லாரி டயர் தேஞ்சதும் குப்பைன்னு நினைக்காதீங்க. கேசிங், அதாவது டயரோட உடம்பு, நல்லா இருந்தா ஒரு தடவை, ரெண்டு தடவை மேல ரப்பர் ஒட்டி ஓட்டலாம். கேசிங் போச்சுன்னா மாட்டு வண்டிக்குப் போகும். மீன்பிடித் துறைமுகத்துல படகு மோதாம இருக்கத் தொங்கவிடுவாங்க. செருப்புக்கு அறுப்பாங்க. அதுக்கும் ஆகாததுதான் பொடி ஆலைக்குப் போறது. அங்க முதல்ல ஓரத்துல இருக்கிற கம்பி வளையத்தைப் பிடுங்கணும், அப்புறம் துண்டு போட்டு, அரைச்சு, காந்தம் வச்சு உள்ள இருக்கிற இரும்பு நூலை எடுத்து, காத்துல ஊதி நைலான் பஞ்சைப் பிரிச்சு, சலிக்கணும். நல்ல பொடி கைக்கு ரவை மாதிரி இருக்கும். பஞ்சும் கம்பியும் மிச்சம் இருந்தா அது சரியான பொடி இல்ல.

லாரி டயர்ல இயற்கை ரப்பர் அதிகம், கார் டயர்ல செயற்கை ரப்பர் அதிகம். தாரோட சேர்ந்து உப்ப லாரி டயர் பொடிதான் உசத்தி.

நெல்லிக்குப்பம்வாசி | மார்ச் 10

ஐயா, அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. எங்க அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பாயசக் கணக்கு அம்மாவுக்கு உடனே பிடிபட்டுடுச்சு. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை டயர் போகும்?

ஜல்லியும் தாரும் | மார்ச் 11

நீங்களே போட்டுப் பாருங்க. அகலம் 5.5 மீட்டர், கனம் 40 மில்லிமீட்டர்னா கிலோமீட்டருக்கு 220 கன மீட்டர் கலவை. எடை 528 டன் ஒட்டி வரும். அதுல தார் அஞ்சரை சதவீதம், அதாவது 29 டன். அதுல பத்துல ஒரு பங்கு ரப்பர்னா 2.9 டன். 50 கிலோ லாரி டயர்ல 30 கிலோ பொடி தேறும்னு வச்சா, ஏறக்குறைய நூறு டயர். உங்க ரெண்டரை கிலோமீட்டருக்கு இருநூத்தம்பது.

உப்பனாறு | மார்ச் 12

எல்லாரும் சாதகமாவே பேசுறீங்க. எனக்கு ஒரு பயம் இருக்கு, சொல்லிடறேன். நாங்க கடலூர் முதுநகர். ஆத்துத் தண்ணி மாறினா முதல்ல எங்க வலையிலதான் தெரியும்.

2020 டிசம்பர்ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வைப் படிச்சேன். டயர் ரப்பர்ல வெடிப்பு விழாம இருக்க 6பிபிடி-னு ஒரு மருந்து சேர்க்கறாங்க. அது காத்துல இருக்கிற ஓசோனோட சேர்ந்து வேற ஒரு நஞ்சா மாறி, மழைத் தண்ணியோட ஓடைக்குப் போய், கோஹோ சால்மன் மீனைக் கூட்டம் கூட்டமாக் கொன்னிருக்கு. பல வருஷமா காரணம் தெரியாம இருந்த சாவு அது. நம்ம ஆத்துல அந்த மீன் கிடையாது, சரி. கெடிலத்துலயும் உப்பனாத்துலயும் இறாலும் மடவையும் நண்டும் இருக்கே? டயரைப் பொடியாக்கி ஊர் ஊரா ரோட்டுல பரப்பினா அது எங்க போய்ச் சேரும்?

பாலிடெக்னிக் லேப் | மார்ச் 12

அக்கா, நீங்க கேட்டது நியாயமான கேள்வி, யாரும் இதை லேசா எடுத்துக்கக் கூடாது. ஒண்ணை மட்டும் பிரிச்சுப் பார்க்கலாம். அந்த ஆய்வுல வந்த நஞ்சு, ஓடுற வண்டியோட டயர் தேயறதுலேர்ந்து வந்தது. சாலை எதனால போட்டிருந்தாலும் அது வரும். கலவையில இருக்கிற ரப்பர் தாருக்குள்ள மூழ்கி இருக்கு, தண்ணி நேரா படுறது கொஞ்சம். ஆனா சாலை பெயர்ந்து பொடி கிளம்பினா அந்தக் காப்பு போயிடும். அதனால சரியாப் போடாத சாலை உங்களுக்கும் கெடுதல், ஓட்டுறவங்களுக்கும் கெடுதல்.

இன்னொரு பக்கமும் பாருங்க. அந்த டயர் ரோட்டுக்குப் போகலேன்னா எங்க போகும்? போகி அன்னிக்குக் காலையில தெருவுல எரியும். இல்ல திறந்த வெளியில கிடந்து மழைத் தண்ணி தேங்கி, டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டையிடும்.

உப்பனாறு | மார்ச் 13

இல்லேன்னா எண்ணெய் எடுக்கற ஆலைக்குப் போகும். அதை விட்டுட்டீங்களே. என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த ஊர்ப் பக்கம் அப்படி ஒண்ணு இருந்துது. காத்து புகாத உருளையில டயரைப் போட்டு 400, 500 டிகிரியில வேக வச்சா எண்ணெயும் கரியும் வரும். கரிப் பொடி மொட்டை மாடியில துணி காயப்போட விடாது. வெள்ளைச் சட்டை ஒண்ணும் வெள்ளையா இருக்காது. பச்சைக் குழந்தை மூக்கைத் துடைச்சா துணியில கறுப்பு. மூணு வருஷம் மனு கொடுத்து ஓய்ஞ்சாங்க.

அதோட ஒப்பிட்டா ரோடு எவ்வளவோ மேல்னு ஒத்துக்கறேன். என் கோரிக்கை இதுதான்: சாலை ஓரத் தண்ணி நேரா ஆத்துல விழாம, மண்ணுலயும் புல்லுலயும் வடிகட்டிப் போற மாதிரி வாய்க்கால் வைங்க.

ஜல்லியும் தாரும் | மார்ச் 13

அம்மா சொன்னது சாலைக்கும் நல்லது. தாருக்கு முதல் எதிரி தண்ணி. ரப்பர் சேர்த்தா வெயிலுக்கும் பாரத்துக்கும் தாங்கும். வாட்டம் இல்லாம தண்ணி தேங்கினா எந்தத் தாரும் ஜல்லியை விட்டுடும்.

2022 ஜூலையில மத்திய அரசு விதி ஒண்ணு கொண்டுவந்திருக்கு. டயர் தயாரிக்கறவங்களும் இறக்குமதி பண்றவங்களும் அந்த அளவுக்கு ஈடாப் பழைய டயரை மறுசுழற்சி பண்ணினதாச் சான்று காட்டணும். முதல் வருஷம் 35 சதவீதம், அடுத்து 70, அப்புறம் முழுசா. எண்ணெய் எடுக்கறதுக்காக வெளிநாட்டுலேர்ந்து கழிவு டயர் கொண்டுவரவும் தடை. அதனால இனிமே பொடி ஆலைகள் பெருகும், டயர் தாரும் பெருகும். நாம கேட்கப் பழகிக்கற நேரம் இது.

தார்க்காரர் மகள் | மார்ச் 15

படிச்சுட்டு மட்டும் போலாம்னு இருந்தேன். மனசு கேட்கல.

எங்க அப்பா இருபத்திரண்டு வருஷம் தார் வேலை பார்த்தார். கலவையை விரிக்கிற பேவர் எந்திரத்துக்குப் பின்னாடி ரேக்கு பிடிச்சு ஓரம் சரிபண்ற வேலை. சாக்குத் துணியை ஈரமாக்கிக் காலுல சுத்தி, அதுக்கு மேல செருப்பு. டயர் தார் வந்த நாள்ல வீட்டுக்கு வந்தா வாசனையே வேற மாதிரி இருக்கும். அம்மா கதவைத் திறக்கும்போதே "இன்னைக்கு ரப்பரா?"ன்னு கேட்பாங்க. சாதாரணத் தாரை விட இதை அதிகச் சூட்டுல போடணுமாம். கண் எரிச்சலும் வறட்டு இருமலும் ரெண்டு நாள் நிக்காது. தேங்காய் எண்ணெய் தடவித்தான் கையில ஒட்டினதை எடுப்பார். நகக்கண் கறுப்பு கடைசி வரைக்கும் போகல.

நீங்க சாலை போடறதைப் போய்ப் பார்க்கும்போது, வேலை செய்யறவங்களுக்கு முகக்கவசமும் கையுறையும் பூட்ஸும் இருக்கான்னு அதையும் பாருங்க. குடிக்க மோரும் தண்ணியும் கொண்டுபோங்க. ஊர்க்காரங்க யாராவது தண்ணி கொடுத்தா அப்பா அந்த ஊர்ப் பேரை வருஷக்கணக்கா சொல்லுவார்.

ஜல்லியும் தாரும் | மார்ச் 15

அம்மாடி, நீ சொன்னது நூத்துக்கு நூறு. நானும் அந்தப் புகையில நின்னவன், ஆனா ஓரமா நின்னவன். உங்க அப்பா மாதிரி ஆளுங்கதான் நடுவுல நின்னாங்க. கலவையில ஒரு சேர்மானம் போட்டு இருபது முப்பது டிகிரி குறைஞ்ச சூட்டுலயே போடற முறை இப்போ இருக்கு. ஒப்பந்தத்துல அதைக் கேட்கறவங்கதான் இல்ல.

பாலிடெக்னிக் லேப் | மார்ச் 16

நெல்லிக்குப்பம் தம்பி, சோதனை பத்திச் சொல்றேன். கஷ்டமான வேலை இல்ல, ஊர்க்காரங்க கண்ணால பார்த்தே புரிஞ்சுக்கலாம்.

சின்னப் பித்தளை வளையத்துல தாரை ஊத்தி ஆற விடுவோம். அதுக்கு மேல மூணரை கிராம் எஃகுக் குண்டு. தண்ணிக் குவளையில இறக்கி நிமிஷத்துக்கு அஞ்சு டிகிரி வீதம் சூடு ஏத்துவோம். தார் இளகி, குண்டு பை மாதிரி தொங்கி, இரண்டரை சென்டிமீட்டர் கீழ இருக்கிற தட்டைத் தொடற நேரத்துச் சூடுதான் கணக்கு. இன்னொண்ணு, தாரை நூல் மாதிரி பத்து சென்டிமீட்டர் இழுத்து நடுவுல கத்தரிச்சு ஒரு மணி நேரம் விடறது. டயர் தார்னா குறைஞ்சது பாதி தூரம் திரும்பி வரணும். வெறும் தார் இழுத்த இடத்துலயே கிடக்கும்.

ஒரு தடவை ஒரு சைட்லேர்ந்து ரெண்டு டின் வந்துது. ஒரே தொட்டி, ஒண்ணு மேல எடுத்தது, ஒண்ணு அடியில எடுத்தது. மேல் டின்ல குண்டு 51-லயே விழுந்துடுச்சு. அடி டின்ல 67 வரைக்கும் விழல. கிண்டாத தொட்டி. சராசரி போட்டா 59, காகிதத்துல 60-ஐ ஒட்டி அழகாத்தான் தெரியும். அதனால மேலயும் கீழயும் தனித்தனியா எடுக்கச் சொல்லுங்க.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல வெறும் காகிதம் மட்டும் இல்ல, பொருளோட சான்றளிச்ச மாதிரியையும் கேட்க உரிமை இருக்கு. பத்து ரூபாய்க் கட்டணம்.

நெல்லிக்குப்பம்வாசி | மே 21

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நேத்து ராத்திரியும் முந்தாநாளும் சாலை போட்டாங்க. நாங்க ஆறு பேர் விடிய விடிய நின்னோம்.

முதல்ல சந்தேகமாப் பார்த்தாங்க. மோர் பானையை இறக்கின பிறகு பேச்சு சுலபமாயிடுச்சு. தங்கச்சி சொன்னபடி பார்த்தோம்: பூட்ஸ் இருந்துது, முகக்கவசம் பாதிப் பேருக்கு இல்ல. ஊர் மருந்துக்கடையில வாங்கிக் கொடுத்தோம்.

ஜல்லியும் தாரும் ஐயா, நீங்க போன்ல சொன்னீங்களே, 130-க்கு மேல விரிக்கணும், 115-க்கு இறங்கறதுக்குள்ள உருட்டி முடிக்கணும்னு. அதை அட்டையில எழுதிக் கையில வச்சிருந்தேன். சூடு அளக்கற துப்பாக்கி நண்பன்கிட்ட கடன் வாங்கினது. முதல் டிப்பர் 158. ரெண்டாவது 155. நாலாவது டிப்பர் ரயில்வே கேட்ல ரெண்டு வண்டிக்கு நின்னுடுச்சு. தார்ப்பாயும் சரியா மூடல. வந்து தட்டை இறக்கும்போதே கலவை கட்டி கட்டியா விழுந்துது. மேல 112. உதவிப் பொறியாளர் தன் கம்பித் தெர்மாமீட்டரைக் குவியலுக்குள்ள செருகிப் பார்த்தார், 121. டிரைவர் கெஞ்சினார். நாங்க ஒண்ணும் பேசல. பொறியாளரே "திருப்பி எடுத்துட்டுப் போ"ன்னு சொல்லிட்டார். அந்த மனுஷனுக்கு அந்த இடத்துலயே கும்பிடு போட்டேன்.

ரெண்டு டின் எடுத்து வச்சிருக்கோம் அக்கா, மேலயும் கீழயும்.

பாலிடெக்னிக் லேப் | மே 29

பார்த்துட்டேன் தம்பி. மேல் டின் 61, அடி டின் 63. இழுத்த நூல் பாதிக்கு மேல திரும்பிச்சு. நல்ல சரக்கு. உங்க அப்பாவைச் சைக்கிள் எடுக்கச் சொல்லுங்க.

நெல்லிக்குப்பம்வாசி | டிசம்பர் 7

மழை விட்டுருக்கு. முழுச் சாலையும் நடந்து பார்த்துட்டு எழுதறேன்.

தடம் எங்கயும் விழல. மழைக்கு முன்னாடியே லோடு வண்டி ஓடிச்சு, அப்பவும் விழல. ஆனா ஊர்க் கோடியில சின்னப் பாலம் இருக்கிற இடத்துல பதினஞ்சு மீட்டருக்கு ஜல்லி கிளம்பிடுச்சு. அங்க மட்டும் நாலு நாள் முழங்கால் தண்ணி நின்னுது. ஏன் வடியலன்னு நேத்து இளைஞர்கள் மண்வெட்டியோட இறங்கினாங்க. பாலத்துக் குழாய்க்குள்ள ஒன்பது டயர். அஞ்சு லாரி டயர், மிச்சம் டிராக்டர் முன்சக்கரமும் பைக்கும். யார் எப்போ தள்ளிவிட்டாங்களோ, மேல சேறும் ஆகாயத்தாமரையும் அடைச்சுச் சுவர் மாதிரி நின்னுது. கயிறு கட்டி இழுத்தோம். கடைசி டயர் வந்ததும் தண்ணி ஒரு மணி நேரத்துல வடிஞ்சுது.

உப்பனாறு | டிசம்பர் 7

ஓரமா புல் வாய்க்கால் கேட்டிருந்தேனே, என்ன ஆச்சு தம்பி?

நெல்லிக்குப்பம்வாசி | டிசம்பர் 7

ஊராட்சியில தீர்மானம் போட்டிருக்கோம் அக்கா. கிழக்குப் பக்கம் நூறு நாள் வேலையில வெட்டியாச்சு. மேற்குப் பக்கம் ரெண்டு பேர் வேலியைத் தள்ளி வைக்கணும், பேசிக்கிட்டு இருக்கோம். வில்லியனூர் அண்ணே, இந்த ஒன்பது டயரை என்ன பண்ண? பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமா கிடக்கு. போகி வரைக்கும் விட்டா பசங்க எரிச்சுடுவாங்க.

வில்லியனூர் டயர் | டிசம்பர் 8

எரிக்க விடாதே. அஞ்சு லாரி டயரையும் போட்டோ எடுத்து அனுப்பு, உள்பக்கம் தெரியற மாதிரி. கேசிங் தேறாது, தண்ணியில கிடந்தது. பொடிக்குப் போகும். வியாழக்கிழமை நம்ம வண்டி பண்ருட்டி போயிட்டுத் திரும்பும், ஏத்திக்கச் சொல்றேன். அதுக்குள்ள பம்புசெட்டுல நல்லாக் கழுவி, சாய்ச்சு வச்சு தண்ணியை வடியவிடு. மண்ணும் மணலும் ஒட்டியிருந்தா அரைக்கிற கத்தி போயிடும், ஆலையில எடுக்க மாட்டாங்க.